எல்லாப் பருவத்திற்கும் ஒரு டயர்

மோட்டார் வண்டி வாங்க விரும்புபவர் அதன் நிறத்தைப் பார்க்கிறார். இயந்திரத்தின் ஆற்றலைக் கேட்கிறார். ஒரு லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கிடுகிறார். குனிந்து டயரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால், அத்தனை பெரிய வண்டியில் தரையைத் தொடுவது டயர் ஒன்றுதான். இயந்திரம் வண்டியைத் தள்ளுவதும், பிரேக் அதை நிறுத்துவதும், ஓட்டுபவர் அதைத் திருப்புவதும் ஆகிய மூன்றும் டயரின் வழியாகவே நிறைவேற வேண்டும்.

டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரிது? மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 1400 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 350 கிலோகிராம் தாங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு; அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோகிராம். 350ஐ இரண்டேகாலால் வகுத்தால் வருவது சுமார் 155 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டை ஒன்றைவிடச் சற்றே பெரிய இடம், அவ்வளவுதான். அத்தகைய நான்கு அட்டைகளை நம்பியே ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் செல்கிறது. ஆதலால் டயரைத் தேர்ந்தெடுக்கும் கலை உயிரைக் காக்கும் கலை என்று சொன்னால் மிகையாகாது.

இன்று கடைகளில் விற்கப்படும் டயர்களுள் ‘எல்லாப் பருவத்திற்கும் ஏற்றது’ என்ற பெயருடைய வகை ஒன்று உண்டு. இதன் தாயகம் அமெரிக்கா. அந்நாட்டின் வட மாநிலங்களில் கோடையில் தார்ச்சாலை கொதிக்கும். குளிர்காலத்தில் அதே சாலையைப் பனி மூடும். முன்பு அங்கே வாழ்ந்த மக்கள் பனிக்காலத்திற்கெனத் தனி டயர்களை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றிப் பூட்டி வந்தார்கள். 1977ஆம் ஆண்டில் குட்இயர் நிறுவனம் ‘டியெம்போ’ என்னும் டயரை வெளியிட்டு, ஆண்டு முழுவதற்கும் இது ஒன்றே போதும் என்று அறிவித்தது. நாளடைவில், விரைந்து செல்லும்போதும் வளைவில் திரும்பும்போதும் உறுதியாக நிற்கும் உயர்திறன் டயர்களிலும் இவ்வகை தோன்றியது.

ஒரே டயர் எல்லாக் காலத்திற்கும் பொருந்துமா? இக்கேள்வி ரப்பரோடு கூடவே பிறந்தது எனலாம். பண்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். சார்லஸ் குட்இயர் என்பவர் 1839ஆம் ஆண்டில் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கி இக்குறையைப் போக்கும் வழியைக் கண்டார். மேலே சொன்ன நிறுவனம் அவர் நினைவாகவே பெயர் பெற்றது. ஆயினும் குறை முற்றிலும் நீங்கிவிடவில்லை. கோடைக்கென்று செய்த டயர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்கித் தரையைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது. பனிக்கென்று செய்த மென்மையான டயரோ, கோடையில் குழைந்து விரைவில் தேய்கிறது. எல்லாப் பருவ டயர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இரு பக்கமும் ஓரளவு ஈடுகொடுக்கும். இரண்டிலும் முதலிடம் பெறாது.

டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் அமைப்பிலும் இதே போராட்டம் நிகழ்கிறது. நம் பட்டறைக்காரர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் மேடுகளுக்கு இடையே அகன்ற பள்ளங்கள் ஓடுகின்றன. மழைநீரை வெளியேற்றுவது அவற்றின் வேலை. மேடுகளின் மேல் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய கீறல்கள் பல இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். கீறல்கள் மிகுந்தால் பனியில் பிடிப்பு மிகும். ஆனால் மேடுகள் வலுவிழந்து, உலர்ந்த சாலையின் வளைவுகளில் நெளியும். கீறல்களைக் குறைத்தால் வளைவில் உறுதி கிடைக்கும், பனியில் வழுக்கும்.

ரப்பரின் உள்ளியல்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக எம்பிக் குதிக்கும் ரப்பர்ப் பந்து, தான் பெற்ற ஆற்றலைத் திருப்பித் தருகிறது. அத்தகைய ரப்பரால் ஆன டயர் எளிதாக உருண்டு எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் ஈரச் சாலையைப் பற்றாது. குதிக்காமல் சோர்ந்து விழும் ரப்பர் ஈரச் சாலையை நன்கு பற்றும். ஆனால் ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடும். ஈரத்தில் பிடிப்பு, எளிய உருளல், நீண்ட ஆயுள் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாக டயர் பொறியாளர்கள் சொல்வார்கள். ஒரு முனையை இழுத்தால் மற்றவை சுருங்கும். 1992ஆம் ஆண்டில் மிஷலின் நிறுவனம், கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா என்னும் மணற்பொருளைச் சேர்த்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால் முக்கோணம் சற்றே விரிந்தது. ஆனால், அது மறைந்துவிடவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்று. எல்லாவற்றிலும் சிறந்த டயர் என்று ஒன்று இல்லை. ஆகையால் ஒரு டயரை மதிப்பிடுபவர், ‘இது எதைத் தருகிறது?’ என்று கேட்டால் மட்டும் போதாது. ‘அதற்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறது?’ என்றும் கேட்க வேண்டும்.

விடையின் ஒரு பகுதி டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கிறது. ‘205/55 ஆர் 16 91 வி’ என்று இருப்பதாகக் கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ‘ஆர்’ என்னும் எழுத்து ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 16 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்னும் சுமைக் குறியீட்டின் பொருள், அந்த டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்பது. ‘வி’ என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். ‘ஹெச்’ என்றிருந்தால் 210. இத்தனை வேகத்தில் யாரும் செல்லப் போவதில்லை. ஆயினும் அந்த எழுத்து, டயரின் கட்டுமானம் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுகிறது. வண்டி செய்தவர் குறித்த சுமைக்கும் வேகத்திற்கும் குறைந்த டயரைப் பூட்டலாகாது.

அமெரிக்காவில் விற்கும் டயர்களில் மேலும் மூன்று தரங்கள் பொறிக்கப்படும். தேய்மான எண் 400 என்றால், 100 என்னும் அளவுகோல் டயரைப்போல் நான்கு மடங்கு உழைத்தது என்று பொருள். டெக்சாஸ் மாநிலத்தின் சாலைகளில் 7200 மைல் ஓட்டி இதைச் சோதிக்கிறார்கள். ஆனால், தர எண்ணை இடுபவர் டயரைச் செய்தவரே. எனவே இரு வேறு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிடலாகாது. இரண்டாவது, ஈரப்பிடிப்புத் தரம். இது நேர்கோட்டில் பிரேக் போடுவதை மட்டுமே அளக்கிறது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூன்றாவது, வெப்பம் தாங்கும் தரம்.

பனியைப் பற்றிய அடையாளங்கள் இரண்டு. ‘எம்’, ‘எஸ்’ என்னும் எழுத்துக்கள் சேறும் பனியும் என்று பொருள்படும். இவை மேற்பரப்பின் அமைப்பைக் கொண்டு இடப்படுபவை. மூன்று சிகரமுள்ள மலையினுள் பனித்துகள் வரைந்த முத்திரையோ, பனியின் மேல் உண்மையாகவே சோதித்துத் தேறிய டயருக்கு உரியது. கனடாவில் வாழ்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நலம். பனியே காணாத நம் சமவெளியில் வண்டி ஓட்டுபவருக்கு இம்முத்திரைகளால் பயனில்லை. அவர் கேட்க வேண்டியது வெப்பத்தையும் மழையையும் பற்றியே.

மழையில் நிற்கும் தூரமே சோதனைகளுள் தலையாயது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரு வண்டிகள் அருகருகே செல்வதாகவும், ஒரே கணத்தில் பிரேக் போடுவதாகவும் கொள்வோம். ஒன்று 35 மீட்டரில் நிற்கிறது. மற்றது 45 மீட்டரில் நிற்கிறது. பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால், முதல் வண்டி நின்ற அதே இடத்தில் இரண்டாவது வண்டியின் வேகம் என்ன? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்னும் விதியைக் கொண்டு கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் என்று வரும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் முன்னே ஒரு வண்டி நின்றுவிட்டது; மற்றது அந்த வேகத்தில் மோதுகிறது. இரு டயர்களின் விலை வேறுபாட்டை இந்தக் கணக்கோடு வைத்து எண்ண வேண்டும்.

சோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ஒரே வண்டியில், ஒரே அளவுள்ள டயர்களைப் பூட்டி, ஒரே சாலையில் சோதித்தார்களா என்று பார்க்க வேண்டும். விளம்பரம் ஏற்காத ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ போன்ற இதழ்களின் சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். புதிய டயரின் திறன் தேய்ந்தபின் நிலைப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

தேய்மானத்தின் விளைவை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் 1963ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று விளக்குகிறது. சாலையில் நீர் தேங்கிப் பள்ளங்களால் அதை வெளியேற்ற முடியாதபோது, குறிப்பிட்ட வேகத்தில் டயர் தரையைவிட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பத்தேகாலுக்குச் சற்று மிகுந்த ஓர் எண்ணால் பெருக்கினால் அவ்வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் 32 பவுண்டு எனில், மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 24 பவுண்டாகக் குறைந்தால் 82. மொட்டை டயரில் மிதந்து செல்லும் வண்டிக்குப் பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை.

புதிய டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரில் வண்டி ஓட்டுவதை நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் தடுக்கின்றன. அது கடைசி எல்லை. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது அறிவுடைமை. காற்றழுத்தத்தை மாதம் ஒரு முறையேனும், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவின் அருகே ஒட்டியிருக்கும். டயரின் மேல் உள்ள எண் உச்ச வரம்பேயாகும். அமெரிக்காவில் டயர் சிதைந்து பல உயிர்கள் மாண்டபின், 2000ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, காற்று கால் பங்கு குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு, 2007 செப்டம்பர் முதல் அங்கே செய்யப்படும் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று.

இன்னும் ஒன்று. இரண்டு டயர்களை மட்டுமே புதிதாக வாங்கினால், அவற்றைப் பின் சக்கரங்களில் பூட்ட வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லும். வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். மீட்பது பழகியவருக்கும் அரிது.

எந்தச் சாலை, எந்த வெயில், எந்த மழை, எவ்வளவு சுமை, என்ன வேகம் ஆகிய ஐந்தையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். பெயரின் பகட்டும் விலையின் உயர்வும் அப்போது இரண்டாம் இடத்திற்குச் சென்றுவிடும். உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ வண்டி இருந்தால், நாளைக் காலையில் அதன் டயர் பள்ளங்களில் ஓர் அளவுகோலை நிறுத்தி ஆழத்தைப் பாருங்கள். இயற்பியல் நூலில் படிக்கும் உராய்வு என்னும் சொல்லுக்கு எத்தனை உயிர்கள் கடன்பட்டிருக்கின்றன என்பது அங்கே விளங்கும்.