பல்கலைக்கழக மேடையிலிருந்து தொழில்முறை அரங்கிற்கு: இயன் மெக்கெல்லனின் பயிற்சிக்காலம்

ஒரு நடிகரின் உருவாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பங்கு எத்தகையது என்பதை ஆராய, ஆங்கில மேடை நடிகர் இயன் மெக்கெல்லனின் (பிறப்பு 1939) தொடக்கக்காலம் ஏற்ற சான்றாகும். அவர் நடிப்புப் பள்ளி எதிலும் பயின்றவரல்லர். 1958 முதல் 1961 வரை கேம்பிரிட்ஜின் புனித கேத்தரின் கல்லூரியில் அவர் கற்றது ஆங்கில இலக்கியம். நாடகத்திற்கெனத் தனிப் பட்டப்படிப்பு அன்று அங்கு இல்லை.

அவ்விடத்தை மாணவர் நாடகக் குழுக்கள் நிரப்பின. அவற்றுள் 1907-இல் தோன்றிய மார்லோ கழகம் தனித்து நோக்கத்தக்கது. செய்யுளை மேடையில் பேசும் முறையே அதன் முதன்மை அக்கறை. ஷேக்ஸ்பியரின் ஓர் அடியில் அழுத்தம் எங்கு விழுகிறது, அடியின் இறுதியில் பொருள் முடிகிறதா, அடுத்த அடிக்குத் தொடர்கிறதா, எச்சொல் எச்சொல்லுக்கு முரணாக நிற்கிறது என்பவற்றை நடிகர் முதலில் அறிந்தாக வேண்டும். உணர்ச்சி வெளிப்பாடு அதன் பின்னரே. ஜார்ஜ் ரைலண்ட்ஸ், ஜான் பார்ட்டன் ஆகியோர் இம்மரபின் முன்னோடிகள். நடிகர்களின் பெயரை நிகழ்ச்சித் தாளில் அச்சிடாமை அக்கழகத்தின் வழக்கம். 1959-இல் பார்ட்டன் இயக்கிய 'நான்காம் ஹென்றி'யில், இருபது வயது நிரம்பாத மெக்கெல்லன் முதியவர் ஷாலோவாக நடித்தார். பெயரறியா அந்நடிகரை நாளிதழ்த் திறனாய்வு பாராட்டியமையே அவரைத் தொழில்முறை அரங்கின்பால் திருப்பியது.

எனினும், பல்கலைக்கழகமே அவரை நடிகராக்கியது எனக் கொள்வது மிகையாகும். 1961-இல் கவென்ட்ரி நகரின் பெல்கிரேட் அரங்கில், ராபர்ட் போல்ட்டின் 'எக்காலத்திற்குமான மனிதன்' நாடகத்தில் ரோப்பராகத் தோன்றித் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இப்ஸ்விச், நாட்டிங்ஹாம் ஆகிய நகர்களின் அரங்குகளில் பணியாற்றினார். இவை ரெப்பர்ட்டரி அரங்குகள். நிலையான குழுவொன்று இரவில் ஒரு நாடகத்தை நிகழ்த்திக்கொண்டே பகலில் அடுத்ததற்கு ஒத்திகை பார்க்கும். பாத்திரத்தைத் தெரிவு செய்யும் உரிமை இளம் நடிகருக்கு இல்லை. சில இரவுகளோடு முடியும் மாணவர் நாடகம், நாள்தோறும் ஒரே பாத்திரத்தைச் சோர்வின்றி மீளச் செய்யும் ஆற்றலைக் கற்பிக்க இயலாது. 1963-இல் நாட்டிங்ஹாமின் புதிய அரங்கு 'கோரியலேனஸ்' நாடகத்துடன் திறக்கப்பட்டபோது, டைரோன் கத்ரியின் இயக்கத்தில் அவர் ஆஃபிடியஸாக நடித்தார். அடுத்த ஆண்டே இலண்டன் மேடையை அடைந்தார்.

கேம்பிரிட்ஜ் அளித்த மற்றொன்றையும் கருத வேண்டும். பாடத்திட்டம் எதிலும் இடம்பெறாதது அது. டெரெக் ஜேக்கபி, ட்ரெவர் நன் ஆகியோர் அவருடைய கேம்பிரிட்ஜ் சமகாலத்தவர். பார்ட்டனோ ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கியவர்களுள் ஒருவர். இவ்வுறவு வலையை வேறொரு பல்கலைக்கழகம் எளிதில் நகலெடுக்க முடியாது.

1976-இல் நன் இயக்கிய 'மேக்பத்', ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு தகரக் கொட்டகையாக இருந்த 'தி அதர் பிளேஸ்' அரங்கில் நிகழ்ந்தது. நாடகப் பள்ளியில் முறையாகப் பயின்ற ஜூடி டென்ச் சீமாட்டி மேக்பத்தாக உடன் நடித்தார். பார்வையாளர் மிக அருகில் அமர்ந்திருந்தமையால் குரலை உயர்த்த வேண்டிய தேவை எழவில்லை. தாழ்ந்த குரலில் பேசியும் யாப்பின் ஓட்டம் சிதையாமல் காப்பதே அங்கு நடிகர்முன் நின்ற பணி.