சவுக்கு விறகும் பீங்கான் கோப்பையும்

பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியை யாரும் கலைப்பொருளாக நினைத்ததில்லை. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஆலையிலிருந்து வந்த சரக்கு. உப்புக்கும் புளிப்புக்கும் அசையாமல் மாங்காயைக் காத்துக் கிடந்தது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்ததும் பரணுக்குப் போனது. அந்த ஜாடியின் சொந்தக்காரப் பிள்ளைகள் என்று சொல்லத்தக்க கோப்பைகளும் தட்டுகளும் இன்று புதுச்சேரிக் கடைகளில் பல நூறு ரூபாய்க்கு விலைபோகின்றன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதற்காகவே வாங்குகிறார்கள்.

இதன் தொடக்கம் 1971. டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் அரவிந்தர் ஆசிரமம் கொடுத்த இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யை ஆரம்பித்தார்கள். டெபோரா, ஜப்பானின் பிஸெனில் வனையக் கற்றவர். ரே, கட்டடக்கலை படிக்கப் போய் மண்ணுக்கு மாறியவர். அதற்கு முன் தமிழ்நாட்டில் பீங்கான் என்றால் ராணிப்பேட்டை, விருத்தாசலம் என்று ஆலைத் தொழில்தான். ஒருவர் கையால் வனைந்து, தன் சூளையில் தானே சுடும் ‘ஸ்டோன்வேர்’ அன்று இந்தியாவிலேயே அபூர்வம்.

நம் ஊர்ச் சட்டிபானை பொதுவாக ஆயிரம் டிகிரியைத் தாண்டுவதில்லை. அதனால்தான் அதில் நுண்துளைகள் நிற்கின்றன, தண்ணீர் கசிந்து குளிர்கிறது. ஸ்டோன்வேர் கதை வேறு. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் சேர்த்துப் பிசைந்து, வனைந்து, காயவைத்து, முதலில் மிதமாகச் சுட வேண்டும். பிறகு கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சுக் கரைசலில் முக்கி, 1300 டிகிரியை எட்டும் வரை சூளையில் ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணே பாதி கண்ணாடியாகி இறுகும், துளைகள் அடைபடும். புதுச்சேரிச் சூளைகளுக்கு எரிபொருள், கடற்கரையோரத் தோப்புகளில் விளையும் சவுக்கு. விறகுச் சாம்பல் பறந்து பாண்டத்தில் ஒட்டி, உருகி, தானும் ஒரு கிளேஸாகிவிடும். சிறிதளவு இரும்பு கலந்த கிளேஸ், காற்று தாராளமாகக் கிடைத்தால் மஞ்சளாகச் சாயும். காற்றைக் குறைத்தால் பச்சையாகும். திட்டம் போட்ட நிறமே வரும் என்று எந்த வனைஞரும் சத்தியம் செய்யமாட்டார்.

ரே மீக்கர் ஒருபடி மேலே போய் வீட்டையே சுட்டவர். சுடாத மண்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல், ஓடுகளை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரித்தார். ஆரோவில்லில் உள்ள ‘அக்னி ஜாதா’ அப்படிப் பிறந்த கட்டடம்தான். விறகுச் செலவை நினைத்தால் ஊருக்கெல்லாம் ஒத்துவரும் யோசனை அல்ல. ஆனாலும் துணிச்சல் துணிச்சல்தான்.

அவரிடம் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவர்கள் நாடெங்கும் பரவினார்கள். வினீத் கக்கர், ஆரோவில்லின் ஆதில் ரைட்டர் இருவரும் கட்டடக்கலையை விட்டு மண்ணுக்கு வந்தவர்கள். 2018இல் ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திராவில் இந்தியாவின் முதல் செராமிக் மூவாண்டுக் கண்காட்சி நடந்தது. முன்னின்று நடத்திய கலைஞர்களில் கக்கரும் ஒருவர். இரண்டாவது, பெயருக்கு மாறாக ஆறாண்டு கழித்து 2024இல் டெல்லியில் கூடியது.

காட்சிக்கூடப் பெயர்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது, கோல்டன் பிரிட்ஜில் கூலிக்குச் சேர்ந்து தொழில் பழகிய உள்ளூர்க்காரர்கள். மண் பிசைந்தும் சூளை அடுக்கியும் கற்ற அவர்களில் பலர் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். அதே வடிவம், அதே நிறம், குறைந்த விலை. நகல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கைத்தொழில் என்றைக்கும் இப்படித்தான் பரவியிருக்கிறது. புதுச்சேரிப் பீங்கான் என்று இன்று ஒன்று இருப்பதே இவர்களால்தான்.

இந்தச் செழிப்பு எட்டாத இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. நகரிலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில் வில்லியனூர். அதன் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கிருந்து வந்த முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். விருதும் குறியீடும் விலையை ஏற்றவில்லை. தமிழகம் முழுக்கப் பானை வனையும் குடும்பங்களுக்கு ஏரி மண் எடுக்கவே அலைச்சல். மழைக்காலத்தில் சக்கரம் நின்றுபோகும். கோப்பைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கும் கை, அகல்விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறது. சூளைச் சூட்டில் முந்நூறு டிகிரி வித்தியாசம் இருக்கலாம், உழைப்பில் இல்லை.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனால், கோப்பை வாங்கிய கையோடு வில்லியனூருக்கும் போய் வாருங்கள். அங்கே பேரம் பேசாதீர்கள்.