சுளுக்குக்குக் கட்டு: போட்ட பின் கவனிப்பது யார்?

புதுதில்லி: உரிய கல்வித் தகுதியும் பதிவும் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவத் தொழில் செய்ய உரிமையில்லை என்று 2018 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கு அது. 2003இல் கேரள உயர்நீதிமன்றத்தில் தோற்ற அவர்களின் மேல்முறையீட்டை நீதிபதிகள் ஆர்.கே.அகர்வால், மோகன் எம்.சாந்தனகௌடர் அமர்வு தள்ளுபடி செய்தது. யார் கட்டுப் போடலாம் என்பதற்கு இவ்வாறு விடை கிடைத்தது. போட்ட கட்டை அன்றிரவு யார் பார்ப்பது என்பது அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை.

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு இக்கேள்வி முக்கியமானது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் வர்மமும் களரியும் எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. களியக்காவிளையானாலும் பாறசாலையானாலும், கால் பிசகியவர் ஆசானிடம் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கித் தாமே சுற்றிக்கொள்வோரும் உண்டு. ஆபத்து இருவருக்கும் ஒன்றே.

அடிபட்ட மூட்டில் வீக்கம் முதல் ஓரிரு நாட்கள் வரை ஏறக்கூடும். காலையில் அளவாக இருந்த கட்டு இரவில் சுருக்குக் கயிறாகிவிடும். தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறைந்தால், சுமார் ஆறு மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீளாத சேதமடையக்கூடும். இறுக்கமான கட்டு கையை நிரந்தரமாக முடக்கிவிடும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்டு வோன் வோல்க்மன் 1881லேயே எழுதினார். மூங்கில் சிம்பு வைத்த கட்டில் இந்த அபாயம் அதிகம். அது வீக்கத்துக்கு இடம் கொடுத்து விரிவதில்லை.

கணுக்கால் சுளுக்குக்குக் கட்டை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, முந்தைய சுற்றில் பாதியை மூடியவாறு சுற்ற வேண்டும். விரல் நுனிகளை மூடக் கூடாது. மூடினால் எச்சரிக்கை அடையாளமே மறைந்துவிடும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ கட்டை உடனே அவிழ்ப்பதே முதல் வேலை. நாடித் துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வது தவறு. காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, விரலைப் பிறர் நீட்டிவிடும்போது ஏறும் வலி ஆகியவை துடிப்பு நிற்பதற்கு வெகு முன்பே வரும். ‘கட்டு வேலை செய்கிறது, வலி இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்லப்படும் ஆறுதல்தான் பல நேரங்களில் காலைக் கெடுக்கிறது. அவிழ்த்தும் வலி தணியாவிட்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தசையுறையைக் கீறி அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நான்கு அடி நடக்க முடியாதவருக்கு எக்ஸ்ரே எடுப்பதும் அவசியம்.

நீரிழிவு நோயாளிகள் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் வெளியானபோது, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நோயால் பாத நரம்பு மரத்துப்போனவருக்கு எச்சரிக்கும் வலியே வராது. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தக் கட்டுப் போடவே கூடாது.

மருத்துவத் தொழில் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலிலும், மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. வைத்தியர் வழக்கில் பேசப்பட்ட 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2020இல் புதிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. தில்லி தன் பங்குக்குச் சட்டம் இயற்றியாயிற்று. பாறசாலை தாலுகா மருத்துவமனையோ, எல்லைக்கு இப்பாலுள்ள தமிழக மருத்துவமனையோ கட்டுடன் வீடு திரும்புவோரிடம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. விரல் நிறம், சூடு, உணர்வு, வலி ஆகிய நான்கையும் முதல் இரவில் எத்தனை மணிக்கொரு முறை பார்ப்பது, எந்த நிலையில் கட்டை அவிழ்ப்பது என்பவை அதில் இருந்தால் போதும். அதை ஆஷா பணியாளர்கள் வழியாக ஆசான்மார் வீட்டு வாசலுக்கும் கொண்டு சேர்க்க முடியும்.