டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய பத்தியமா? தசை கரைந்து விடும், உஷார்!

சேலம்:-

கிட்னி செயல் இழந்து டயாலிசிஸ் செய்து கொள்பவர்களில் பலர், சில மாதங்களிலேயே பஸ் படிக்கட்டில் ஏறக்கூட முடியாமல் தடுமாறுகிறார்கள். ரத்தம் சுத்தம் ஆகியும் உடம்பில் தெம்பு இல்லையே என்று குடும்பத்தினர் கவலைப்படுகிறார்கள்.

இதற்கு நோய் மட்டும் காரணம் அல்ல. டயாலிசிசுக்கு முன்பு சொன்ன பத்தியத்தை அப்படியே பிடித்துக் கொண்டிருப்பதும், படுத்தே கிடப்பதும் சேர்ந்து தசையை கரைத்து விடுகின்றன.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் டயாலிசிஸ் செய்து கொள்ள முடிவதால், ஆத்தூர், மேட்டூர் பக்கத்து ஏழைகளுக்கும் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் 4 மணி நேரம் மிஷினில் படுத்து விட்டு வீடு திரும்புகிறவர், மறுநாளும் கட்டிலை விட்டு எழுவது இல்லை. சாப்பாட்டு தட்டிலும் பருப்பு இல்லை, முட்டை இல்லை.

தசை ஏன் கரைகிறது?

கிட்னி பழுதானால் ரத்தத்தில் அமிலம் சேரும். அந்த அமிலம் தசையில் உள்ள புரதத்தை உடைக்கும். டாக்டர்கள் சோடா மாத்திரை தருவது இதை கட்டுப்படுத்தத்தான். வாய் கசந்து பசியும் எடுக்காது. போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யும்போதும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலம், அதாவது புரதத்தின் மூலப்பொருள், ரத்தத்தில் இருந்து வெளியேறி விடுகிறது.

முன்பு ஒரு கணக்கு, பின்பு ஒரு கணக்கு

டயாலிசிசுக்கு முன்பு, கிட்னிக்கு பாரம் குறைய புரதத்தை அளவாக சாப்பிடச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கி விட்டால் கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, டயாலிசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தினமும் தேவை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம்.

ரசம் சாதம், இட்லி, மோர் என்று ஓட்டினால் இந்த அளவை எட்டவே முடியாது. ஒரு முழு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வெள்ளைக்கருவில் மட்டும் சுமார் 3½ கிராம். இதில் பாஸ்பரசும் மிகக் குறைவு. மீன், கோழிக்கறி நல்லது. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, பயறு, பனீர் அளவை டயட்டீஷியனிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

சாதத்தையும் ரொம்ப குறைத்து விடக்கூடாது. சக்தி போதாவிட்டால் உடம்பு சொந்த தசையையே எரிக்கும்.

கருவாடு, ஊறுகாய் வேண்டாம். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்து நுரையீரல் வரை நீர் கோர்க்கும். பொட்டாசியம் கூடினால் இதயமே நின்று விடும் என்பதால் இளநீர், வாழைப்பழம் விஷயத்தில் கவனம் தேவை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். ஜிம்முக்கு போகிறவர்கள் குடிக்கும் புரத பவுடரை டாக்டரை கேட்காமல் தொடக்கூடாது.

நாற்காலியே ஜிம்

சாப்பாடு மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது நிற்கும். இதற்கு காசு செலவே இல்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, சுவரை பிடித்துக்கொண்டு குதிகாலை தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, தெருவில் நடப்பது என இவையே போதும். முதலில் 5 நிமிடம் போதும். போகப்போக கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்டுவது இலக்கு.

பிஸ்டுலா போட்ட கையில் குடம், மூட்டை தூக்கக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், காய்ச்சல், தலைசுற்றல் இருந்தாலோ, டயாலிசிஸ் தவறிப்போய் உடம்பு வீங்கியிருந்தாலோ பயிற்சி வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

எடையை நம்பாதீங்க

தசை கரைந்தாலும் அந்த இடத்தை நீர் நிரப்பி விடுவதால் எடை மிஷின் அதே எண்ணைத்தான் காட்டும். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் குறைந்தாலும் உடனே சந்தோஷப்பட முடியாது. கிரியாட்டினின் தசையில் இருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் அதுவும் குறையும்.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்பது ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு. விழுந்து விடாமல் பார்த்துக்கொள்ள பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.

நேரம் கூடுதலாக ஆனால், அடுத்த டயாலிசிசுக்கு போகும்போதே டாக்டரிடம் சொல்லி, பத்தியம் பழையதா புதியதா என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.