தாத்தாவின் ஊரும் தொலைந்துபோன ராட்சதனும்

மூவார் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரையில் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தோம். சேற்றில் புதைந்து கிடந்த மீன் முள்ளைக் குச்சியால் கிளறியபடியே என் மகன் கேட்டான்: "டைனோசரை எந்தத் தராசுலப்பா நிறுத்தாங்க?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். தேடிப் போன பதில், என் தாத்தா விட்டுவந்த அரியலூர்ச் சீமையில் கொண்டுபோய் நிறுத்தியது.

அரியலூருக்கு அருகே கல்லமேடு என்றொரு சிற்றூர். அங்கே கிடைத்த எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ல் உலகுக்கு அறிவித்தார்கள். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்குக்கு அவர்கள் வைத்த பெயர் பிருகத்காயோசாரஸ். 'மாபெரும் உடல் கொண்ட பல்லி' என்று பொருள். முதலில் அதை இறைச்சி தின்னும் இனம் என்றே கருதினார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்பது பிறகுதான் தெளிவானது.

எலும்பு சொல்லும் எடை

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். நம் வீட்டு வாசற்கதவின் உயரம்! உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றான அர்ஜென்டினோசாரஸுக்கே அந்த எலும்பு சுமார் 1.55 மீட்டர்தான்.

கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. ஒரு விலங்கு நீளத்தில் மட்டும் பெரிதாவதில்லை. அகலமும் உயரமும் சேர்ந்தே கூடும். நீளம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடினால், எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இப்படி உறவுக்கார விலங்குகளோடு ஒப்பிட்டு, 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டது. ஆப்பிரிக்க யானை ஒன்று 6 டன் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 18 யானைகள். நீலத் திமிங்கிலத்துக்கு நிகரான ஒன்று நிலத்தில் நடந்திருக்கிறது!

நான்கு கால் விலங்குகளுக்கு வேறு வழிகளும் உண்டு. உடலைத் தாங்கும் எலும்பு எவ்வளவு பருமனோ, அந்த அளவுக்குப் பாரமும் இருக்கும். எனவே மேல்கை, தொடை எலும்புகளின் சுற்றளவை அளந்து, இன்றைய விலங்குகளோடு ஒப்பிட்டு எடை சொல்கிறார்கள். முழு எலும்புக்கூடு கிடைத்தால் உடலின் மாதிரியைச் செய்து, அதன் கன அளவிலிருந்தும் கணக்கிடுகிறார்கள்.

கல்லானதும் கரையும்

செத்த விலங்கை ஆற்று மணலும் வண்டலும் சீக்கிரமாக மூடிவிட வேண்டும். வெளியே கிடந்தால் நாய் நரி இழுத்துப் போகும். வெயிலும் மழையும் உடைத்துப் போடும். மூடிய பிறகு, தாதுக்கள் கரைந்த நிலத்தடி நீர் எலும்பின் நுண்துளைகளில் மெல்ல ஊறி, அங்கே படிந்து இறுகும். மரமும் இப்படிக் கல்லாகும். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பது அதனால்தான்.

நம் பகாங் மாநிலத்தில் கிடைத்த டைனோசர் பல்லும் இப்படி மிஞ்சியதுதான். 2014-ல் மலாயாப் பல்கலைக்கழகம் அதை அறிவித்தபோது, மலேசியாவின் முதல் டைனோசர் புதைபடிவம் என்று செய்தி பரபரத்தது. பல்லின் மேற்பூச்சு எலும்பைவிடக் கடினமானது என்பதால் பற்கள் எளிதில் அழிவதில்லை. கிடைத்த இடத்தைக் காப்பாற்றுவதற்காக, அது எங்கே என்பதை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை.

கல்லமேட்டு எலும்புகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தவை, வெளியே வந்ததும் பொடியத் தொடங்கின. மழை ஈரத்தில் ஊறி ஊறி அவை ஏற்கெனவே நொய்ந்திருந்தன. ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்குள் உதிர்ந்துபோயின. இன்று தொட்டுப் பார்க்க ஒரு துண்டுகூட இல்லை. எஞ்சியவை குறிப்புகளும் வரைபடங்களும் சில படங்களும்தான். 'அது எலும்பே இல்லை, கல்மரத் துண்டாக இருக்கலாம்' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய படங்கள் வெளியான பிறகே அது எலும்புதான் என்ற தரப்புக்குப் பலம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்த தாத்தா, ஊரிலிருந்து வந்த கடிதங்களை அதில்தான் பூட்டி வைத்திருந்தார். 2006-ஆம் ஆண்டு இறுதியில் ஜோகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் கூழ். அத்தை எப்போதோ ஒரே ஒரு கடித உறையைப் படமெடுத்து வைத்திருந்தார். அனுப்பியவர் முகவரியில் அரியலூர் என்று இருந்ததால்தான் தாத்தாவின் சீமை எங்களுக்குத் தெரியும். கிராமத்தின் பெயர் படத்தில் விழவில்லை.

மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பாட்டிக்கு அந்த ஊர் பேரு ஞாபகம் இருக்குமா?" என்றான்.

அம்மாவுக்கு வயது 78. அன்று இரவே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருவரும் அவர் கட்டிலருகே உட்கார்ந்தோம். ஊர்ப் பெயர் சட்டென்று வரவில்லை. ஆனால் தாத்தாவோடு கப்பலேறி வந்த மூன்று பேரின் பெயர்களைச் சொன்னார். மகன் எழுதிக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கேட்கப் போகிறோம்.