நீல நரியும் கண்ணாடிச் சிற்பமும்

தெருநாய்களுக்கு அஞ்சி ஓடிய நரியொன்று சாயக்காரன் வீட்டு நீலத்தொட்டியில் விழுந்தெழுந்து, அந்த வர்ணத்தின் பலத்தால் ஏனைய மிருகங்களை மயக்கிக் காட்டுக்கு ராஜாவாகி, ஒரு நாள் தன் இனத்தாரின் குரல் கேட்டுத் தானும் ஊளையிட்டு மாண்ட கதை, பஞ்சதந்திரம் படித்தோர் அறிந்ததே. அந்த நரியைக் கண்ணாடியில் வடிக்கும் சிற்பியோ கதைக்கு நேர்மாறான காரியத்தைச் செய்கிறான். நரியின் நீலம் ரோமத்தோடு நின்றது, கண்ணாடியின் நீலமோ சரீரம் முழுதும் ஊடுருவி நிற்பது.

கண்ணாடிக்கு மூலப் பதார்த்தம் மணல். குற்றாலத்து ஐந்தருவிக்குக் கீழே ஓடும் நீரின் மணலை அள்ளி வெயிலில் பார்த்தால், மலைப்பாறை சிதைந்து அதன் பிற கூறுகள் களிமண்ணாய்ப் போனபின்னும் அழியாமல் எஞ்சிய படிகத் துகள்கள் மினுங்கக் காணலாம்; அவை சிலிக்கா. தனிச் சிலிக்கா உருக ஏறக்குறைய 1700 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். சோடா அதைப் பெரிதும் குறைக்க, சுண்ணாம்பு நீரில் கரையாத உறுதியைத் தருகிறது. ஆற்றுமணலிலுள்ள இரும்பு பச்சைச் சாயலைக் கொடுக்குமாதலால், தூய வெண்மணலே உத்தமம். இக்கலவையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கோபால்ட் ஆக்ஸைடு சேர்ந்தால், அது சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கி பெரும்பாலும் நீலத்தையே வெளியே விடும். கண்ணாடித் தொழில் நமக்குப் புதிதன்று. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்திருக்கிறார்கள்.

சிற்பி, எரிவாயுவும் பிராணவாயுவும் கலந்த சுவாலையில் நீலக் கண்ணாடிக் கோலைக் காட்டிச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். சுழற்சி நின்றால் பாகுபோல் இளகியது ஒருபக்கமாய்ச் சரிந்துவிடும். திரண்ட உருண்டை உடலாக, இடுக்கியால் கிள்ளியிழுத்த நுனிகள் காதும் வாலுமாகின்றன. முடிந்த உருவை உடனே ஆறவிட்டால், மேற்புறம் முன்னதாக இறுகிவிட, உட்புறம் பின்னர் சுருங்க முயன்று, அந்த இழுபறியில் நரி வெடித்துப்போகும். ஆதலால் சுமார் 500 டிகிரி உஷ்ணமுள்ள உலையில் வைத்து, சிறிதுசிறிதாகத் தணிக்கிறார்கள். இந்தப் பொறுமையே சிற்பத்துக்கு ஆயுள்.

இத்தகைய நரியொன்றை வாங்க நேர்ந்தால், ஒளிக்கெதிரே பிடித்துப் பாருங்கள். தடித்த வயிறு கருநீலமாகவும் மெல்லிய காதுநுனி வெளிர்நீலமாகவும் தெரிந்தால், வர்ணம் உள்ளேயே இருக்கிறது. எங்கும் ஒரே சீராய்த் தெரிந்தால், பெரும்பாலும் அது மேற்பூச்சு.