தலையில் எவ்வளவு பாரம்?

மெய்யுலகோடு கணினிக் காட்சியைக் கலந்து காட்டும் கருவிகளுக்குப் பாரமே பழைய எதிரி. 1968 இல் ஐவன் சதர்லாந்து அமைத்த தலையணித் திரை கழுத்து தாங்காத பாரம், கூரையிலிருந்துதான் தொங்கியது. 2024 இல் வந்த அப்பிள் விஷன் புரோவில் மின்கலம் மட்டும் சட்டைப்பைக்கு இறங்கியது. கணினி முகத்திலேயே, 600 கிராமுக்குக் குறையாமல்! 2018 இன் மேஜிக் லீப் வன் கணினியையும் இடுப்புக்கு இறக்கியிருந்தது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

வயர் தொல்லைதான். ஆனால் தலை திரும்பி ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்குள் காட்சி மாறாவிட்டால் தலைசுற்றும். எனவே வயரை நீக்குவது இலகுவல்ல.

கண்ணாடி, கணினி, மின்கலம் மூன்றையும் கழற்றி மாட்டும்படி செய்தால், மின்கலம் பழுதானதற்காக முழுக்கருவியையும் வீசத் தேவையில்லை. பர்தாவுக்கு மேல் அணிய ஏற்ற தலைப்பட்டியையும் தனியே பூட்டிக்கொள்ளலாம்.